கிளிநொச்சியில் எட்டுக் கதிரையோடு ஒரு ராமென் கடை நடக்குமா?

கனகராயன் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிறவன், இன்றைக்குத்தான் முதல் இழை தொடங்குகிறேன்.

மூன்று வருடம் யப்பானில், புக்குவோக்கா நகரத்தில், முதியோர் பராமரிப்பு வேலை செய்தேன். போன வருடம் ஊருக்கு வந்துவிட்டேன். அங்கே என் அறைக்கும் வேலை இடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ராமென் கடை இருந்தது. ராமென் என்றால் சூப்புக்குள் போட்ட நூடில்ஸ். எட்டே எட்டுக் கதிரை. மேசை கிடையாது. அடுப்பைச் சுற்றி 'ட' போல மடங்கிய ஒரு பலகை, அதன் முன்னால் கதிரைகள், அவ்வளவுதான். சமைப்பவரும் கோப்பை கழுவுபவரும் ஒரே ஆள். தலையில் துவாய் கட்டியிருப்பார், கதைக்க மாட்டார்.

வாசலில் ஒரு இயந்திரம். காசைப் போட்டுப் பொத்தானை அமத்தினால் துண்டு வரும். அதைப் பலகையில் வைத்துவிட்டு இருக்க வேண்டியதுதான். முதல் நாள் எனக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியவில்லை. பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். வெட்கத்தில் இடது பக்க மேல் மூலையில் இருந்ததை அமத்திவிட்டேன். பிறகு கூட வேலை செய்த ஒரு நேபாளப் பெடியன் சொன்னான், பெரும்பாலான கடைக்காரர் தங்கள் முக்கியமான சாப்பாட்டை அந்த மூலையில்தான் வைப்பார்கள், தெரியாத கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை அமத்து என்று.

வந்த கோப்பையைப் பார்த்ததும் சொதி என்றுதான் நினைத்தேன். அப்படி வெள்ளை. தேங்காய்ப்பால் ஒரு துளியும் கிடையாது. பன்றி எலும்பைப் பன்னிரண்டு மணித்தியாலம் தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பும் மச்சையும் தண்ணீரோடு அடிபட்டுக் கலந்து அப்படி வெளுக்கும். தொன்கொட்சு என்பது அதன் பெயர். அதற்குள் நூல்போல நேரான நூடில்ஸ், இரண்டு துண்டு இறைச்சி, வெங்காயத்தாள், கொஞ்சம் எள்ளு.

நூடில்ஸ் ஒரு நிமிடம்கூடக் கொதிநீரில் கிடக்காது. கடைக்காரர் வடிகட்டியோடு தூக்கி, கையை மேலிருந்து கீழே ஒரு வெட்டு வெட்டி உதறுவார். தண்ணீர் நிலத்தில் சளார் என்று அடிக்கும். இரண்டு உதறல், சில நேரம் மூன்று. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "இரவு முழுக்கக் காய்ச்சியதில் தண்ணீர் விடவா?" என்றார். மூன்று வருடத்தில் அவர் என்னோடு கதைத்த நீளமான வசனம் அதுதான். சூப் மிச்சம் இருக்க நூடில்ஸ் முடிந்துவிட்டால் 'கயேதாமா' என்றால் போதும், கொஞ்சக் காசுக்கு இன்னொரு பிடி கோப்பைக்குள் வந்து விழும். கால் மணித்தியாலத்தில் எழும்பிவிடலாம்.

போன மாதம் கொழும்புக்குப் போனபோது ஆசையில் ஒரு சின்ன ராமென் கடை தேடிப் போனேன். மூவாயிரம் ரூபாவுக்குப் பக்கம். சூப் பரவாயில்லை, நூடில்ஸ் களி. பஸ்ஸில் வரும்போது மாங்குளம் தாண்டும்வரை அதே யோசனை: நான் ஏன் ஒன்று தொடங்கக் கூடாது? கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு அறை வாடகைக்கு இருக்கிறது. எட்டுக் கதிரை போடலாம். சனம் வருமா? பகிடி பண்ணாமல் சொல்லுங்கள்.


முறிகண்டிக் கச்சான்

பகிடி வேண்டாம் என்று நீங்களே சொன்னதால் ஒன்றே ஒன்று. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ராமன் கடையோ? அப்ப மச்சம் இராது" என்றார்.

சரி, இப்போது உண்மையான பதில். எங்கள் ஆட்கள் வெளியில் சாப்பிடப் போவது ஒரு வான் நிறைய. பிறந்தநாள், சம்பளநாள், வெளிநாட்டில் இருந்து மாமா வந்த நாள். எட்டுக் கதிரை ஒரு குடும்பத்துக்கே காணாது. சித்தப்பா வாசலில் நின்று கோபிப்பார்.


வவுனியாக் கொத்து

தம்பி, நான் பதினொரு வருடமாகக் கொத்துக்கடை நடத்துகிறேன், அதனால் கணக்கு மட்டும் கேட்கிறேன். பன்னிரண்டு மணித்தியாலம் பெரிய அடுப்பு எரிந்தால் 12.5 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வரும்? விறகு என்றால் பாலை விறகு கிடைக்கும், ஆனால் சந்திக் கடையில் இரவு முழுக்கப் புகை விட்டால் பக்கத்துக் கடைக்காரர் சும்மா இருப்பாரா?

இரண்டாவது, கொத்துக்குத் தட்டுகிற சத்தமே விளம்பரம். அரைக் கட்டை தூரத்தில் போகிறவனுக்கும் பசிக்கும். உங்கள் சூப் சத்தம் போடாதே.

ஒன்று மட்டும் பிடித்தது: கால் மணித்தியாலத்தில் எழும்புவது. என் கடையில் ஒரு பிளேன் ரீயோடு ஒன்றரை மணித்தியாலம் இருந்து அரசியல் கதைக்கிற ஆட்கள் நாலு பேர் நிரந்தரமாக இருக்கிறார்கள். அவர்களை எழுப்பும் வித்தை யப்பானில் இருந்தால் முதலில் அதைச் சொல்லித் தாருங்கள்.


ரொறன்ரோ விசுவமடு

இங்கே ராமென் கடைகள் நிறைய. நானும் கொஞ்சம் பைத்தியம்தான். சில விசயங்களைத் திருத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராமெனை யப்பானியச் சாப்பாடு என்றாலும் அதன் மூலம் சீனக் கோதுமை நூடில்ஸ். 1910இல் டோக்கியோவில் அசகுசா என்ற இடத்தில் ராய்ராய்கென் என்று ஒரு கடை வந்தது. முதலாளி யப்பானியர், சமையல்காரர்கள் யொகொஹாமா சீனத் தெருவில் இருந்து கொண்டுவந்த கன்ரன்காரர்கள். ராமென் பிரபலமானதை அந்தக் கடையில் இருந்துதான் கணக்கெடுப்பார்கள். அப்போது அதற்குப் பெயர் 'ஷினா சோபா', சீன நூடில்ஸ் என்ற பொருளில். யுத்தம் முடிந்த பிறகு யப்பானில் அரிசி இல்லை. அமெரிக்காவில் இருந்து கோதுமை மா வந்து இறங்கியது. கள்ளச் சந்தை, தள்ளுவண்டி, நூடில்ஸ். ராமென் வயிற்றுக்குள் இறங்கிய காலம் அதுதான். 1958இல் மொமொபுகு அந்தோ என்பவர் பொரித்துக் காயவைத்த நூடில்ஸைப் பைக்கற்றில் போட்டு விற்கத் தொடங்கினார். நாங்கள் ரியூசன் விட்டு வந்து அவித்துச் சாப்பிட்ட நூடில்ஸ் அந்த வம்சம்.

கனகராயன் சொன்ன வெள்ளைச் சூப் புக்குவோக்காப் பக்கத்து வழக்கம். பன்றி எலும்பு ராமென் 1937இல் அங்கே குருமே என்ற ஊரில் ஒரு தள்ளுவண்டியில் தொடங்கியது. அப்போது அது தெளிந்த சூப். 1947இல் வேறொரு கடையில் அடுப்பைக் குறைக்காமல் விட்டு, கொதித்துக் கொதித்து வெளுத்துப்போய், ருசித்துப் பார்த்தால் அதுதான் நன்றாக இருந்தது என்று சொல்வார்கள். வடக்கே சப்பொரோவில் மிசோ, புளிக்க வைத்த சோயாக் களி. டோக்கியோவில் சோயா சோஸ் போட்ட தெளிந்த சூப்.

அப்புறம் முக்கியமான ஒன்று. சூப்பில் உப்புப் போடுவதில்லை. உப்பு, சோயா சோஸ், மிசோ, எதுவானாலும் 'தாரே' என்று ஒரு தனிக் கலவை. கோப்பையின் அடியில் ஒரு கரண்டி விட்டு, அதன்மேல் சூப்பை ஊற்றுவார்கள். ஒரே சட்டிச் சூப்பில் மூன்று வகை ராமென் விற்கலாம். கடைக்காரனுக்கு லாபம் அங்கேதான்.


செம்மண்

அமெரிக்க மா என்றதும் எனக்கு எங்கள் நிவாரண மா ஞாபகம் வந்தது. அவர்கள் அதில் நூடில்ஸ் செய்தார்கள், நாங்கள் ரொட்டி சுட்டோம். காலையில் ரொட்டி, பின்னேரம் ரொட்டி, சம்பலுக்குத் தேங்காய் இருந்தால் அன்றைக்குப் பெருநாள்.

இணையத்தில் பார்த்தேன், அந்தக் கடைகளுக்கு முன்னால் சனம் வரிசையில் நிற்கிறது, அதைப் பெருமையாகப் படம் பிடித்துப் போடுகிறார்கள். தம்பி, கடை தொடங்குங்கள், நான் வருவேன். ஆனால் சாப்பாட்டுக்காக வரிசையில் நிற்க மாட்டேன். 2009இல் கஞ்சிக்கு நின்றதோடு அது முடிந்துவிட்டது. என் வயதில் இங்கே பலருக்கு அப்படித்தான் இருக்கும்.


கனகராயன் (கிளிநொச்சி)

செம்மண் ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. நானும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, வரிசையில் நின்றவன்தான். யப்பானில் கடைக்கு முன்னால் நின்றபோது ஏனோ ஒரு நாளும் அந்த ஞாபகம் வரவில்லை, குளிருக்குள் நின்றதாலோ தெரியாது.

வரிசை வேண்டாம். இலக்கம் எழுதிய துண்டைக் கொடுத்துவிடலாம். வெளியில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு வாங்கு போடலாம். முறை வரும்போது போனில் கூப்பிட்டால் போகிறது.


செம்மண்

வாங்கு போடுங்கள். மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.


தண்ணீரூற்று நானா

வாசித்து வாயூறி வந்து, 'பன்றி எலும்பு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எங்களுக்கு வழி இருக்கா, இல்லையா?


கனகராயன் (கிளிநொச்சி)

இருக்கு நானா. கோழி எலும்பையும் அதேபோலக் கடுங்கொதியில் விட்டால் வெள்ளையாகத்தான் வரும். அங்கே அதற்குத் 'தோறி பைதான்' என்று பெயர், தனிக் கடைகளே உண்டு. கோழிக்கால் சேர்த்தால் பசை பிடிக்கும், ஆறினால் ஜெலிபோல உறையும். எங்கள் சந்தையில் கோழிக்காலையும் முதுகெலும்பையும் எறிகிற விலைக்குத் தருகிறார்கள், நாய்க்கு வாங்குகிற ஆட்கள்தான் கூட. நான் பன்றியைக் கையாலும் தொடாமல் தொடங்கலாம் என்றுதான் இப்போது யோசிக்கிறேன். ஒரே அடுப்பில் இரண்டையும் வைத்துக்கொண்டு 'இது வேறு சட்டி' என்று வாசலில் நின்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. இறைச்சியும் உங்கள் ஆட்களிடம்தான் வாங்குவேன்.


முறிகண்டிக் கச்சான்

காட்டுப்பன்றிக் கோஷ்டி கிளம்பி வரப்போகிறது, பாருங்கள். வன்னியில் பன்றி இல்லாமல் சூப்பா என்று.


பழைய வள்ளம் (முல்லைத்தீவு)

பன்றியும் வேண்டாம் கோழியும் வேண்டாம். கடல் பக்கத்தில் இருந்துகொண்டு எலும்புக்கு அலைகிறீர்கள்.

என்னுடைய மகள் ஒரு வீடியோ காட்டினாள். யப்பான்காரன் சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டைபோலக் காயவைத்து, சீவுகிறான். சீவினதைச் சுடுதண்ணியில் போட்டு வடித்தால் அதுதான் அவர்களுக்கு எல்லாத்துக்கும் அடிச்சாறு. பார்த்ததும் சிரித்துவிட்டேன். அது எங்கள் மாசி! மாலைதீவுக்காரன் செய்து அனுப்ப, நாங்கள் உரலில் இடித்துச் சம்பலுக்குப் போடுகிறோம்.

அதோடு நெத்தலிக் கருவாடு. அவர்களும் நெத்தலியை அவித்துக் காயவைத்துச் சூப் வைக்கிறார்களாம். தலையையும் குடலையும் நுள்ளி எறிந்துவிட்டுப் போடுகிறார்கள், இல்லாவிட்டால் கைக்கும். அதை என்னுடைய மனுசியிடம் சொன்னேன். "இது சொல்லத்தான் யப்பானில் இருந்து ஆள் வர வேணுமோ?" என்று கேட்டுவிட்டு அவ தன் பாட்டுக்கு நுள்ளிக்கொண்டு இருக்கிறா.


ரொறன்ரோ விசுவமடு

அண்ணை, அந்தச் சூரைக்கட்டைக்கு 'கட்சுவோபுஷி' என்று பெயர். நல்ல ரகத்துக்குக் கடைசியில் பூஞ்சணமும் பிடிக்க வைத்து ஈரத்தை இழுத்துவிடுவார்கள். மாசியில் அந்தப் பகுதி இல்லை. மற்றப்படி ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான்.


குமுழமுனை ரீச்சர்

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள், சும்மா இருக்க முடியவில்லை.

1908இல் டோக்கியோவில் கிகுனாயே இகேதா என்ற இரசாயனப் பேராசிரியர், கொம்பு என்ற கடற்பாசிச் சாறு ஏன் இவ்வளவு ருசி என்று தேடிக் குளுட்டமேற்றைப் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயரும் வைத்தார். அடுத்த வருடமே அது அஜினமோட்டோ என்று கடைக்கு வந்தது. 1913இல் அவருடைய மாணவர் கொதாமா, இந்தச் சூரைக்கட்டையில் இருப்பது இனோசினேற் என்று கண்டார். இரண்டும் ஒரே கோப்பையில் சேர்ந்தால் ருசி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

கொம்பு எங்களிடம் இல்லை. ஆனால் நன்றாகப் பழுத்த தக்காளியில் குளுட்டமேற் இருக்கிறது. மாசியில் இனோசினேற் இருக்கிறது. மாசிச் சம்பலுக்குத் தக்காளி சேர்த்து வதக்கின எந்த அம்மாவுக்கும் இது தெரியும், பெயர்தான் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இந்த இழையில் யாராவது ஒருவர் 'எங்கள் ஒடியல் கூழ்தான் ராமென்' என்று சொல்லப்போகிறார். சொல்லாதீர்கள். கூழ் என்பது ஒடியல் மாவில் தடிப்பது. நண்டு, இறால், மீன் தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே சட்டியில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து புளியும் உறைப்புமாக நிற்கும். ராமெனில் சூப் வேறு, தாரே வேறு, நூடில்ஸ் வேறு, முட்டை வேறு; கடைசி நிமிடத்தில்தான் கோப்பைக்குள் சந்திக்கின்றன. கூழ் பத்துப் பேர் முற்றத்தில் பனையோலைப் பிளாவோடு சுற்றி இருந்து குடிப்பது. இதைக் கனகராயன் தம்பி தனியாக இரவு வேலை முடிந்து குடித்திருக்கிறார். இரண்டும் நல்லது, ஒன்றல்ல.


முறிகண்டிக் கச்சான்

எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டேன் ரீச்சர்.


நிலாப்பெண் (கிளிநொச்சி)

தனியாக என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். நான் இங்கே ஒரு அலுவலகத்தில் வேலை, அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மத்தியானம் ஒரு பெண் தனியாகச் சாப்பாட்டுக் கடையில் போய் இருந்தால், நாலு பேர் மேசையில் நடுவில் தனியாக இருக்க வேண்டும். எதிர்க் கதிரையில் யார் வந்து இருப்பார்களோ என்று பார்த்துக்கொண்டே விழுங்க வேண்டும். அதனால் பார்சல்தான். அறையில் கட்டிலில் இருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு வெறுத்துவிட்டது.

சுவரைப் பார்த்த பலகை, ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை, எல்லோரும் தனியாகத்தான் வந்திருக்கிறார்கள், கால் மணித்தியாலத்தில் எழும்பிப் போகலாம் என்றால் நான் கிழமைக்கு மூன்று நாள் வருவேன். என்னைப்போல இந்த ரவுணில் நிறையப் பேர். அந்த வான் குடும்பத்தை விடுங்கள். கச்சான் அண்ணையின் சித்தப்பா கோபித்தால் கோபிக்கட்டும்.


வவுனியாக் கொத்து

தங்கச்சி சொல்வதை நான் பதினொரு வருடத்தில் யோசித்ததில்லை. என் கடையில் பார்சல் எடுக்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். அவசரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


கனகராயன் (கிளிநொச்சி)

நேற்று வீட்டில் முதல் முயற்சி. தோல்வி. விபரமாகச் சொல்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் பிழை பிடியுங்கள்.

கோழி முதுகெலும்பு மூன்று கிலோ, கால் ஒரு கிலோ. முதலில் ஒரு கொதி விட்டு அழுக்குத் தண்ணீரை ஊற்றி, கழுவி, பிறகு புதுத் தண்ணீரில் பிறசர் குக்கரில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம். அப்புறம் திறந்து முக்கால் மணித்தியாலம் கடுங்கொதி. வெளுத்தது! அம்மா வந்து பார்த்துவிட்டு "பால் விட்டனியோ?" என்றார். கொத்து அண்ணைக்கும் பதில் இதுதான்: பன்னிரண்டு மணித்தியாலம் தேவையில்லை.

ஆனால் மாசியைத் தொடக்கத்திலேயே எலும்போடு போட்டுவிட்டேன். சூப் கைத்துப்போனது. 

நூடில்ஸைப் பற்றிக் கேட்காதீர்கள். தண்ணீர் விட்டுக் குழைத்தேன், ஒட்டவே மாட்டேன் என்றது. எப்படியோ இடியப்ப உரலில் போட்டுப் பிழிந்து கொதிநீரில் விட்டேன். இரண்டு நிமிடத்தில் கரைந்து கஞ்சியாகிவிட்டது. கொழும்புக் கடைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.


மாங்குளம் பேக்கரி

எந்த மா?


கனகராயன் (கிளிநொச்சி)

கோதுமை மா அண்ணை. குசினியில் வாளியில் இருந்தது.


மாங்குளம் பேக்கரி

அம்மா புட்டுக்கு அவித்து அரித்து வைத்த மாவாக இருக்கும். போய்க் கேளுங்கள்.


கனகராயன் (கிளிநொச்சி)

அவித்த மாதான். ஐயோ.


மாங்குளம் பேக்கரி

அதுதான் விசயம். நாங்கள் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை ஏன் அவிக்கிறோம்? அவித்தால் அதிலிருக்கிற பசைச்சத்து, குளூட்டன், செத்துப்போகும். மா இழுபடாது, உதிரியாக நிற்கும், புட்டு பூப்போல வரும். பாணுக்கும் நூடில்ஸுக்கும் வேண்டியது நேர் எதிர், இழுபட வேண்டும். ஒரே சாக்கு மாதான். அவித்தால் எங்கள் பக்கம், அவிக்காவிட்டால் யப்பான் பக்கம்.

பச்சை மா எடுங்கள், பாண் மாவாக இருந்தால் இன்னும் நல்லது. 100 கிராமுக்குத் தண்ணீர் 38 கிராம் போதும், உப்பு ஒரு கிராம். பாணுக்கு அறுபது விடுவோம், இது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். குழைத்தால் உருண்டு வராது, புட்டுக்குக் குழைத்ததுபோல உதிரியாக நிற்கும். பயப்பட வேண்டாம், அதுதான் பதம். பொலித்தீன் பையில் போட்டு அரை மணித்தியாலம் விட்டு, துணியைச் சுற்றிக் காலால் மிதியுங்கள். பிறகு உருளை மெசினில் நாலைந்து தரம் விட்டு மெல்லிசாக்கி வெட்ட வேண்டும். இடியப்ப உரல் இதற்குச் சரிவராது, பிடிதான் உடையும்.

மஞ்சள் நிறமும் அந்தத் துள்ளலும் வேண்டும் என்றால் காரத்தண்ணீர் சேர்க்க வேண்டும். யப்பானில் 'கான்சுய்' என்பார்கள். சோடியம் காபனேற்றும் பொற்றாசியம் காபனேற்றும் கலந்தது. எங்களிடம் அப்பச்சோடா இருக்கிறது. ரீச்சர் விளக்குவார்.


குமுழமுனை ரீச்சர்

அப்பச்சோடா சோடியம் இருகாபனேற்று. அதைத் தட்டில் பரப்பி 120, 130 பாகையில் ஒரு மணித்தியாலம் வெதுப்பினால் நீராவியும் காபனீரொட்சைட்டும் போய்ச் சோடியம் காபனேற்று மிஞ்சும். 100 கிராம் போட்டால் 63 கிராம்தான் இருக்கும். நிறுத்துப் பார்த்தால் முடிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். நூறு கிராம் மாவுக்கு ஒரு கிராம், தண்ணீரில் கரைத்து விட வேண்டும். வெறும் கையால் அள்ளாதீர்கள், தோல் எரியும். மா மஞ்சளாவது சாயத்தால் அல்ல. கோதுமையில் இயல்பாக இருக்கும் பிளேவனொயிட்டுகள் காரத்தில் மஞ்சளாகும்.


முறிகண்டிக் கச்சான்

சோடாவுக்கா பஞ்சம்? பரந்தன் கெமிக்கல் பாக்டரி இருந்திருந்தால் லொறியிலேயே இறக்கியிருக்கலாம்.


குமுழமுனை ரீச்சர்

அங்கே செய்தது கோஸ்டிக் சோடா. அதைச் சாப்பிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான். பகிடிக்கும் இதை எழுதாதீர்கள், யாராவது ஒருவர் அரைகுறையாக வாசிப்பார்.


நிர்வாகி

ரீச்சர் சொன்னது சரி. கச்சானின் பதிவு பகிடி என்று எல்லோரும் விளங்கிக்கொள்ளவும்.


பழைய வள்ளம் (முல்லைத்தீவு)

மாசி கைத்ததற்கு நான் பதில் சொல்கிறேன். மாசியை எலும்புபோல அவிக்கக் கூடாது. இடித்து, அடுப்பை அணைத்துவிட்டு, சுடுதண்ணியில் பத்து நிமிடம் தேயிலை ஊறுவதுபோல ஊறவிட்டு வடியுங்கள். அந்தச் சாற்றைக் கடைசியில் சூப்போடு சேருங்கள். கோப்பையில் பாதி எலும்பு, பாதி கடல்.


கனகராயன் (கிளிநொச்சி)

இரண்டாவது முயற்சி. நேற்று இரவு பத்தரைக்கு முடிந்தது, சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

பச்சை மா, வெதுப்பிய சோடா, மிதிப்பதற்குத் தம்பி. மெசின் பக்கத்து வீட்டு அக்காவுடையது, இத்தாலியில் இருந்து அவவுடைய மகன் அனுப்பி, ஐந்து வருடமாகப் பெட்டியே திறக்காமல் இருந்தது. சோடாத் தண்ணீர் விட்டதும் மா மெல்ல மஞ்சளாக மாறியதைக் குசினியில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். வெட்டின நூடில்ஸ் ஒரு நிமிடத்தில் வெந்தது. கடித்தால் நடுவில் கொஞ்சம் எதிர்த்தது. அந்த எதிர்ப்புக்காகத்தான் இவ்வளவு பாடும்.

தாரே: சோயா சோஸ், கொஞ்சம் சீனி, உப்பு, உள்ளி, வதக்கிய தக்காளி. அதற்குமேல் எண்ணெயில் செத்தல் மிளகாயும் கூனி இறாலும் பொரித்து வடித்த சிவப்பு எண்ணெய் ஒரு கரண்டி. இது யப்பானில் சொல்லித் தந்தது இல்லை. உறைப்பு இல்லாமல் இங்கே யாரும் இரண்டாம் தரம் வரமாட்டார்கள் என்று அம்மா போட வைத்தது.

நூடில்ஸை உதறும்போது அவரைப்போலவே வெட்டிப் பார்த்தேன். பாதி நூடில்ஸ் நிலத்தில். கோழிகளுக்குப் பெருநாள்.

அப்பா முழுவதையும் சத்தம் இல்லாமல் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டார். உறிஞ்சிச் சாப்பிட வேண்டும் அப்பா, அப்போதுதான் சூடும் ஆறும், வாசமும் மூக்குக்கு ஏறும் என்றேன். "ஆட்களுக்கு முன்னால் எப்படியடா?" என்றார். பிறகு கோப்பையைத் தூக்கிச் சூப்பைக் குடித்த சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.


வவுனியாக் கொத்து

ஒரு கோப்பை என்ன செலவு வருகிறது? ஒளிக்காமல் சொல்லுங்கள்.


கனகராயன் (கிளிநொச்சி)

அண்ணை, மாசிதான் விழுங்குகிறது. எலும்பும் மாவும் ஒன்றுமே இல்லை. மாசியைப் பாதியாக்கி நெத்தலி சேர்த்தால் கொத்து விலைக்குக் கொடுக்கலாம்போல இருக்கிறது. வாடகை, கரண்ட் சேர்க்காத கணக்கு.


வவுனியாக் கொத்து

சேர்க்காத கணக்கில்தான் எல்லோரும் கடை தொடங்குகிறார்கள். வாடகைக்கு இப்போதே கையெழுத்து வைக்காதீர்கள். மூன்று மாதம் சனிக்கிழமை இரவு மட்டும் வீட்டு முற்றத்தில் எட்டுக் கதிரை போட்டு விற்றுப் பாருங்கள். மிஞ்சுகிற சூப் எவ்வளவு, வருகிற ஆள் எவ்வளவு என்று கொப்பியில் எழுதுங்கள். பழைய கதிரை என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.


ரொறன்ரோ விசுவமடு

மீன்காரருக்காக ஒரு தகவல். அந்தக் கயேதாமா பழக்கம் புக்குவோக்காவில் நாகஹாமா மீன் சந்தைப் பக்கம் வளர்ந்தது. நேரம் இல்லாத ஆட்கள், நூடில்ஸ் மெல்லிசாக இருந்தால் கெதியாக வேகும், காணாவிட்டால் இன்னொரு பிடி. முல்லைத்தீவில் கரைவலை இழுத்து முடிகிற நேரத்துக்கு ஒரு தள்ளுவண்டி விட்டால் என்ன?


பழைய வள்ளம் (முல்லைத்தீவு)

கரை இழுத்து முடிகிற நேரம் காலை. அப்போது எங்களுக்குப் பாணும் சம்பலும் தேத்தண்ணியும்தான். இரவுத் தொழிலுக்குப் போகமுன் என்றால் யோசிக்கலாம்.


நிலாப்பெண் (கிளிநொச்சி)

வெள்ளிக்கிழமை நானும் சைவம், ரவுணில் பாதிப் பேர் சைவம். அன்றைக்கு என்ன செய்வீர்கள்?


கனகராயன் (கிளிநொச்சி)

வெள்ளி பூட்டு. காய்ந்த காளானில் சாறு எடுத்துச் செய்கிற முறை ஒன்று இருக்கிறது, ஆனால் அந்தச் சட்டிகளை மச்சம் படாமல் தனியாக வைத்திருக்க இந்த முற்றத்தில் இடம் காணாது. அரைகுறையாகச் செய்து அம்மனிடம் பேச்சு வாங்க விருப்பமில்லை.

வருகிற சனி பின்னேரம் ஆறரைக்கு முதல் எட்டுப் பேர். காசு வேண்டாம், குறை சொல்ல வேண்டும். இதுவரை: ரீச்சர், செம்மண் ஐயா, நானா, நிலா தங்கச்சி, கொத்து அண்ணை, மாங்குளம் அண்ணை. வள்ளத்தார் நெத்தலியோடு வருகிறார். ஒரு கதிரை மிச்சம்.


முறிகண்டிக் கச்சான்

அது என்னுடையது. அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன், அவ வாங்கில் இருப்பா. ராமனைப் பார்க்காமல் விடமாட்டாவாம். முட்டை என் பொறுப்பு, வீட்டில் ஊர்க்கோழி ஆறு நிற்கிறது.


குமுழமுனை ரீச்சர்

ஊர்க்கோழி முட்டை சின்னது, கொதிநீரில் ஆறு நிமிடம் போதும், ஏழு வைத்தால் மஞ்சட்கரு இறுகிவிடும். எடுத்ததும் குளிர் தண்ணீரில் போட்டு, உரித்து, சோயா சோஸும் சீனியும் தண்ணீரும் கலந்ததில் முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். அதனால் வெள்ளி பின்னேரமே கொண்டுபோய்க் கொடுங்கள். அன்று இட்ட முட்டையைக் கொண்டுபோக வேண்டாம், ஒரு கிழமை பழசு எடுங்கள். புது முட்டை அவித்தால் கோது ஒட்டிக்கொண்டு பாதி வெள்ளைக்கருவோடு உரிந்து வரும்.


முறிகண்டிக் கச்சான்

ஒரு கிழமை பழசு இல்லையே ரீச்சர். அம்மம்மா அன்றன்றைக்கு விற்றுவிடுகிறா.